லிமிட்டரைச் சோதிக்க ஒரு நாதஸ்வரக் கார்வை போதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாஸ்டரிங்குக்கு (மிக்ஸ் முடிந்த பதிவைக் கடைசியாகச் செப்பனிடுவதற்கு) வருகிற வேலைகளைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைதான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டத்துக்கான முருகன் பாட்டு, கல்யாண வீட்டிலும் அறுபதாம் சாந்தியிலும் எடுத்த மேளப் பதிவு, திருவிழாவுக்கு மைக்செட்டில் போடும் அம்மன் பாட்டு. மூன்றிலும் நீண்டு நிற்கும் ஸ்வரத்தின் மேல் தவிலோ உறுமியோ பம்பையோ இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும்.

லிமிட்டர் என்பது ஒலியின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் கருவி; பிளகின் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள். லிமிட்டர் பிளகின்களை ஒப்பிடும் வீடியோக்களில் ஓடுவது பெரும்பாலும் டான்ஸ் இசை, ராக், ஹிப்ஹாப். அந்த இசையில் கிக் டிரம் விழும்போது பின்னணி சற்று அமுங்கினால் அதுவே ஒரு ஜோர். நாதஸ்வரத்தில் கார்வை (நீட்டி நிறுத்தும் ஸ்வரம்) அமுங்கினால், வாசித்தவருக்கு மூச்சு போதவில்லை என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார். அதனால் அந்த வீடியோக்களின் தீர்ப்பு நமக்குப் பாதிதான் பொருந்தும். எந்த லிமிட்டரை வாங்கலாம், இலவசமாகக் கிடைப்பதே போதுமா என்பதை நம் ஊர்ச் சத்தத்தை வைத்தே பார்த்துவிட வேண்டும்.

லிமிட்டர் செய்வது ஒன்றே ஒன்று. சீலிங் என்று ஓர் உச்ச அளவை வைக்கிறோம். அதைத் தாண்டப்போகும் இடத்தில் ஒலியளவை இறக்கி, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதில்தான் (அதற்கு எடுக்கும் நேரம்தான் ரிலீஸ்) பிளகினுக்குப் பிளகின் வித்தியாசம் தெரியும். தவில் அடி சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது. அதற்காக இறக்கிய அளவு அடி முடிந்த பிறகும் நீடித்தால், அந்த நேரத்தில் ஒலித்துக்கொண்டிருப்பது நாதஸ்வரம் மட்டும்தான். பள்ளம் விழுவது அதில்தான்.

சோதனைக்கு வேண்டிய துண்டுகள்

நாலு துண்டு போதும், ஒவ்வொன்றும் 20 முதல் 30 வினாடி. முதலாவது, கீழ்க்காலத்தில் நீண்ட நாதஸ்வரக் கார்வை, இடையிடையே தனித்தனியாக விழும் தவில் அடி. இரண்டாவது, திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக் கெட்டிமேளம். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பு சட்டென்று வெடிக்கும் அந்தத் தருணம் துண்டின் நடுவில் வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உறுமியும் கீபோர்டு பேஸும் சேர்ந்த காவடிப் பாட்டு. நாலாவது, சுருதிப் பெட்டியோடு தனிக் குரல் விருத்தம். கடைசித் துண்டில் லிமிட்டருக்கு அநேகமாக வேலையே இருக்காது. வேலை இல்லாதபோது அது சும்மா இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

எல்லாம் 24 பிட் வேவ் கோப்பாக, உச்சம் -6 முதல் -3 டெசிபலுக்குள் இருக்கட்டும் (டிஜிட்டல் கோப்பில் 0-தான் எட்டக்கூடிய உச்சம்). மிக்ஸ் பஸ்ஸில் (எல்லா டிராக்கும் வந்து சேரும் பாதையில்) ஏற்கெனவே லிமிட்டரோ கிளிப்பரோ (உச்சியைத் தட்டையாக வெட்டும் கருவி) போட்டிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி ரெண்டர் செய்யுங்கள், அதாவது கோப்பாக எடுங்கள். தலை தட்டையாக வெட்டுப்பட்ட அலையை நல்ல லிமிட்டரிடம் கொடுத்தாலும் மோசமானதிடம் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் வரும். கல்யாணப் பதிவுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ரெக்கார்டரின் இன்புட் கெட்டிமேளத்தில் சிவப்பு எட்டியிருந்தால் அந்தத் துண்டு சோதனைக்கு ஆகாது.

ஒலியளவைச் சமன் செய்யாமல் காதை நம்ப வேண்டாம்

ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். பிளகினை ஆன் செய்ததும் 'ஆஹா' என்று தோன்றுவதில் பெரும்பங்கு இந்த ஏமாற்றுத்தான். வேவ்ஸ் எல்2 மாதிரியான வடிவமைப்பில் த்ரெஷோல்டை, அதாவது லிமிட்டர் வேலை தொடங்கும் அளவை, கீழே இழுத்தாலே வெளிவரும் அளவு தானாக ஏறும். இழுக்க இழுக்கப் பிளகின் அற்புதமாகிக்கொண்டே போவது போலத் தெரியும்.

சமன் செய்யும் முறை இது. லிமிட்டருக்குப் பிறகு ஒரு சாதாரண கெயின் பிளகின் (ஒலியளவை ஏற்றி இறக்குவது), அதற்குப் பிறகு ஒரு லவுட்னஸ் மீட்டர். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். துண்டை முழுக்க ஓடவிட்டு இன்டகிரேட்டட் லஃப்ஸ் (LUFS: காது உணரும் சத்தத்தின் அளவு, துண்டு முழுவதுக்குமான சராசரி) எண்ணைக் குறியுங்கள். மூலம் -20 லஃப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். லிமிட்டரில் 6 டெசிபல் ஏற்றினால் -14 வரும் என்று கணக்குப் போடுவோம், வருவது -14.6 ஆக இருக்கலாம், உச்சிகளை அமுக்கியதில் கொஞ்சம் போய்விட்டதால். அப்போது பின்னால் உள்ள கெயினை -5.4 வைக்க வேண்டும், -6 அல்ல. ஃபேப்ஃபில்டர் ப்ரோ-எல் 2 போன்றவற்றில் உள்ள யூனிட்டி கெயின் (1:1) பொத்தான் ஏற்றிய அளவை அப்படியே இறக்கும். வசதிதான், ஆனால் அந்த 0.6 டெசிபலை அது ஈடுகட்டாது. லிமிட்டர் போட்டது சற்றுச் சோகையாகக் கேட்டால் காரணம் அதுவாகவே இருக்கலாம். 0.1 லஃப்ஸுக்குள் சமன் செய்யுங்கள்.

இரண்டு பிளகின்களை ஒப்பிடும்போது கெயின் ரிடக்ஷன் முள்ளை (எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுவதை) வைத்து ஒப்பிடவே கூடாது. ஒன்று உச்ச மதிப்பைப் பிடித்து வைத்துக் காட்டும், இன்னொன்று சராசரியை ஆட்டிக் காட்டும். 'இதில் 3 டெசிபல், அதில் 5 டெசிபல்' என்பதற்கு அர்த்தமே இல்லை. இரண்டிலும் சீலிங் -1, இரண்டும் -12 லஃப்ஸ் என்று முடிவை ஒன்றாக்கிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கேட்கும்போது எது எது என்று தெரியக் கூடாது. ரெண்டர் செய்த இரு கோப்புகளை ஃபூபார்2000 பிளேயரின் ஏபிஎக்ஸ் கருவியில் போட்டால் அதுவே பெயர் காட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது எது என்று கேட்கும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் காதுக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் 12 சரியாக விழும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. 8, 9 என்று நின்றால் வித்தியாசம் காதில் இல்லை, பிளகினின் முகப்பு அழகில் இருக்கிறது. 2 டெசிபல் அளவு மட்டும் அமுக்கும்போது இலவச லிமிட்டரான லவுட்மேக்ஸுக்கும் விலை கொடுத்து வாங்கியதற்கும் அநேகமாக இப்படித்தான் வரும். 5 டெசிபலைத் தாண்டும்போது கதை மாறும்.

ரிலீஸ்: பிளகினின் குணம் வெளிப்படும் இடம்

முதல் துண்டைப் போடுங்கள். கார்வை நிற்கிறது, ஒரே ஒரு தவில் அடி விழுகிறது. அடிக்குப் பின் கார்வையின் அளவு எவ்வளவு நேரத்தில் பழையபடி வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ரிலீஸை 300 மில்லிசெகண்ட் வைத்தால் பள்ளம் நிதானமாக ஏறும். ஒற்றை அடிக்கு அது வாசித்தவரே செய்த அசைவு போலக்கூடத் தோன்றும். ஆனால் துரித காலத்தில் வினாடிக்கு 8 அடி விழுந்தால் அடிக்கு அடி இடைவெளி 125 மில்லிசெகண்ட்தான். முந்தைய பள்ளம் ஏறி முடிவதற்குள் அடுத்தது விழும். நாதஸ்வரம் மொத்தமாகவே 2, 3 டெசிபல் கீழே உட்கார்ந்துவிடும். தவில் தனி முடிந்து கார்வை மட்டும் நிற்கும்போது அது மெல்ல வீங்கி மேலே வரும்.

சரி, குறைத்துப் பார்ப்போம். 40, 50 மில்லிசெகண்டில் ஒவ்வோர் அடிக்கும் கார்வை விட்டு விட்டு நடுங்கும், இல்லாத கமகம் ஒன்று கேட்கும். நம் இசைக்கு இதுதான் ஆகப் பெரிய கேடு, ஏனென்றால் கேட்பவருக்கு அது கருவியின் கோளாறாகத் தெரியாது, வாசிப்பின் கோளாறாகத் தெரியும். இன்னும் குறைத்து 5 மில்லிசெகண்டுக்கு வந்தால் நடுக்கம் மறையும், ஆனால் தவிலின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து, அடியில் கரகரப்பு ஏறும். 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிசெகண்ட் எடுக்கும். அதைவிட வேகமாக ஏறி இறங்கும் லிமிட்டர், அடியின் அளவைத் தொடராமல் அலையின் வடிவத்தையே தொடர ஆரம்பித்துவிடும். அலை நசுங்கினால் மூலத்தில் இல்லாத மேல் ஒலிகள் பிறக்கும்.

நல்ல லிமிட்டர்கள் இந்த இடத்தில்தான் காசுக்கு வேலை செய்கின்றன. ஒற்றை அடிக்கு வேகமாகவும், தொடர்ந்து அழுத்தம் இருந்தால் மெதுவாகவும் திரும்பும்படி ரிலீஸை இரண்டு கட்டமாக வைத்திருப்பார்கள். ஆட்டோ என்று பெயர் போட்டதெல்லாம் அப்படி நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முதல் துண்டிலும் கெட்டிமேளத் துண்டிலும் ஒரே செட்டிங்கில் இரண்டும் சரியாக வந்தால்தான் ஆட்டோ. மோடுகளுக்கு வைத்திருக்கும் டிரான்ஸ்பேரன்ட், பஞ்சி, அக்ரஸிவ் போன்ற பெயர்களையும் மறந்துவிடுங்கள். பஞ்சி என்று பெயர் போட்ட மோடில் தவிலின் வலந்தலைச் சொல் (வலப்பக்கத்து அடி) தெளிந்து, டிரான்ஸ்பேரன்ட்டில் கூழாகிப் போவதும் உண்டு.

கெட்டிமேளத் துண்டில் பார்க்க வேண்டியது லுக்-அஹெட். வரப்போகும் உச்சியை முன்கூட்டிப் பார்த்து இறங்கத் தொடங்குவதற்கான அவகாசம் அது. 5 மில்லிசெகண்ட் என்றால், வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை எண்ணாக அளந்து எடுக்கும் புள்ளி) உள்ள 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் சுமார் 220 சாம்பிள். கூட்டினால் கரகரப்பு குறையும், அடியின் முனையும் மழுங்கும். வலந்தலையில் விரல் கூடு தோலைத் தொடும் அந்தச் 'சுளீர்' போய்விட்டால் கெட்டிமேளம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும். 1 முதல் 2 மில்லிசெகண்டில் தொடங்கி இரண்டு பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டீரியோ லிங்க், இடது வலது சேனல்களைச் சேர்த்து இறக்கும் வசதி. மேடையில் தவில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். இரண்டு மைக்கில் எடுத்த பதிவில் இடது சேனலில் மட்டும் உச்சி விழுந்து, லிங்க் இல்லாத லிமிட்டர் அந்தச் சேனலை மட்டும் இறக்கினால், நடுவில் நிற்கும் நாதஸ்வரம் ஒவ்வோர் அடிக்கும் வலப்பக்கம் துள்ளும். ஹெட்போனில் கேட்டால் உடனே தெரியும். முழு லிங்க்கில் துள்ளாது, ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும். ப்ரோ-எல் 2-இல் உச்சிக்கும் ரிலீஸுக்கும் தனித்தனி லிங்க் அளவு வைக்கலாம். ரிலீஸை முழுதாகக் கட்டிவிட்டு உச்சிக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்துவது நேரடி மேளப் பதிவுக்கு ஒத்துவரும்.

கழித்துக் கேட்பது

மூலத்தை ஒரு டிராக்கிலும் லிமிட்டர் போட்டதை இன்னொன்றிலும் வைத்து, அளவைச் சமன் செய்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பினால் (அலையை மேல்கீழாகக் கவிழ்த்தால்) இரண்டிலும் பொதுவானது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, லிமிட்டர் எடுத்தது மட்டும் மிஞ்சும். சில பிளகின்களில் இதற்குத் தனிப் பொத்தானே உண்டு. இந்தச் சோதனையில் மட்டும் ஏற்றிய கெயினை அப்படியே இறக்க வேண்டும். மேலே சொன்ன லஃப்ஸ் சமன் இதற்கு உதவாது.

முதலில் நாலாவது துண்டைப் போடுங்கள். லிமிட்டர் ஒன்றும் அமுக்காதபோது முழு மௌனம் வர வேண்டும். வராவிட்டால் மூன்று காரணம் இருக்கலாம்: பிளகின் தன் தாமதத்தைத் தப்பாகச் சொல்கிறது, டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஆனில் இருக்கிறது, அல்லது ஓவர்சாம்பிளிங் (சாம்பிள்களைப் பல மடங்காக்கிக் கணக்கிடுவது) ஃபில்டர் உச்ச அலைவரிசையைத் தொடுகிறது. மூன்றாவதாக இருந்தால் மிச்சம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் நிற்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பிறகு மேளத் துண்டுகள். அடி விழும் இடத்தில் மட்டும் 'டக் டக்' என்று வந்தால் சரி. அடிக்கும் அடிக்கும் நடுவில் நாதஸ்வர மெட்டே கேட்டால் ரிலீஸ் நீளம். 'டக்' என்பதற்குப் பதில் 'டர்ர்' என்று வந்தால் அலை நசுங்குகிறது. இதில் ஒரு பொறி உண்டு. மிச்சம் குறைவாக இருப்பதாலேயே லிமிட்டர் நல்லது என்று ஆகாது. வெறும் கிளிப்பர்தான் மிகக் குறைவாக எடுக்கும்; அது எடுத்ததைவிடச் சேர்த்ததுதான் காதைக் குடையும்.

அலை உருவாக்கி வைத்து இரண்டு சோதனை

50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உருவாக்கி, லிமிட்டரில் 6 டெசிபல் அமுங்கும்படி வைத்து, பின்னால் வாக்ஸெங்கோ ஸ்பான் மாதிரி ஒரு ஸ்பெக்ட்ரம் மீட்டரைப் போடுங்கள். அரைச் சுற்றுக்கு ஓர் உச்சி, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அந்த இடைவெளியில் லிமிட்டர் ஏறி இறங்கினால் 150, 250 ஹெர்ட்ஸில் கோடுகள் எழும். 150-இல் உள்ள கோடு மூலத்தைவிட 40 டெசிபல் கீழே என்றால் அது 1 சதவீதச் சிதைவு. 60 கீழே என்றால் 0.1 சதவீதம். ரிலீஸை 1, 50, 500 என்று மாற்றிக் கோடுகள் எப்படி இறங்குகின்றன என்று பார்த்தால், உறுமியும் பேஸும் உள்ள காவடிப் பாட்டில் எந்த அளவுக்குக் கீழே ரிலீஸைக் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது ட்ரூ பீக், அதாவது உண்மை உச்சம். சாம்பிள் புள்ளிகள் சீலிங்குக்குள் இருந்தாலும் அவற்றை இணைக்கும் அலை மேலே எழும்பலாம். சாம்பிள் விகிதத்தில் நாலில் ஒரு பங்கு உள்ள சைன், அதாவது 44.1-க்கு 11.025 கிலோஹெர்ட்ஸ், 48-க்கு 12 கிலோஹெர்ட்ஸ். அதை 45 பாகை தள்ளித் தொடங்கி, சாம்பிள் உச்சம் 0 டெசிபல் தொடும்படி வைத்தால் உண்மை உச்சம் +3 டெசிபல். இதை லிமிட்டருக்குள் அனுப்பி, ட்ரூ பீக் பொத்தானை ஆன், ஆஃப் செய்து, வெளியே வேறு ஒரு மீட்டரால் அளந்துபாருங்கள். பிளகினின் சொந்த மீட்டரிடமே சாட்சி கேட்க வேண்டாம். நாலு மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் அளக்கும் சாதாரண மீட்டர்கள் மேல் அலைவரிசையில் சுமார் அரை டெசிபல் வரை குறைத்துக் காட்டக்கூடும். சீலிங்கை -0.1 வைக்காமல் -1 வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் எம்பி3, ஏஏசி. சுருக்கும்போது அலை வடிவம் மாறி உச்சி இன்னும் எழும்பும். முடித்த கோப்பை 128 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கி, மறுபடி வேவாக்கி அளந்தால் எவ்வளவு என்று தெரியும். பாட்டு வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் சுற்றப்போகிறது என்றால் -1.5 வைப்பதில் நஷ்டம் ஏதும் இல்லை.

ஓவர்சாம்பிளிங் 4 மடங்குக்கும் 16 மடங்குக்கும் காதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். 1-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நாதஸ்வரத்தின் மேல் ஒலிகள் அடர்த்தியானவை. 10 கிலோஹெர்ட்ஸில் உள்ள ஒன்றை நசுக்கினால் பிறக்கும் 30 கிலோஹெர்ட்ஸ், 44.1 கோப்பில் 14.1-இல் மடங்கி விழும். 50 கிலோஹெர்ட்ஸ் 5.9-இல் விழும். சுருதியோடு எந்த உறவும் இல்லாத ஒலிகள் இவை.

48 கிலோஹெர்ட்ஸில் எடுத்த பதிவை 44.1-ஆக மாற்ற வேண்டுமானால் லிமிட்டருக்கு முன்னால் மாற்றுங்கள். பின்னால் மாற்றினால் புதிய உச்சிகள் எழுந்து சீலிங் வைத்ததே வீணாகும். 16 பிட்டுக்கான டிதர் எல்லாவற்றுக்கும் கடைசி.

எவ்வளவு ஏற்றலாம்

யூடியூப் -14 லஃப்ஸுக்கு மேல் போனதை இறக்கிவிடும், கீழே இருப்பதை ஏற்றாது. அதனால் மேளப் பதிவை -9 வரை தள்ளுவதால் அங்கே சத்தம் கூடாது, நசுங்கியது மட்டும் மிஞ்சும். இன்னொன்று, லஃப்ஸ் அளவீடு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுமார் 4 டெசிபல் கூடுதல் எடை கொடுக்கிறது. நாதஸ்வரத்தின் பலமே அந்தப் பகுதியில்தான். ஆகவே மேளத்தில் எண் சீக்கிரமே ஏறிவிடும். சினிமாப் பாட்டின் எண்ணைப் பார்த்து அதற்கு ஈடாக ஓட வேண்டியதில்லை.

செட்டிநாட்டு வீட்டுக்குள் எடுத்த பதிவு என்றால் இன்னும் அடக்கம் வேண்டும். ஆத்தங்குடிக் கல் தரை, மெருகேறிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை என்று வளவும் (நடு முற்றப் பகுதி) முகப்பும் ஒலியை விழுங்குவதே இல்லை. லிமிட்டரில் 6 டெசிபல் ஏற்றினால் உச்சிகள் நின்ற இடத்தில் நிற்க, அந்த எதிரொலி வால் 6 டெசிபல் மேலே வரும். கூடவே மின்விசிறியும் பந்திப் பேச்சும். ரிலீஸ் சரியாக இருந்தும் பதிவு கலங்கலாகக் கேட்டால் லிமிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்றியது அதிகம். இரண்டு மைக் நேரடிப் பதிவுக்கு -16 போதும். தவில் தனி டிராக்கில் இருந்தால் அங்கேயே கிளிப்பரால் 2, 3 டெசிபல் தட்டிவிட்டு, மாஸ்டரில் 2, 3 டெசிபல் மட்டும் லிமிட்டரிடம் விடுங்கள். ஒரே லிமிட்டரிடம் 6 டெசிபலை ஒப்படைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிளகினை மாற்றுவதைவிடவும் மேல்.

மைக்செட்டுக்கு வேறு கணக்கு. குழாய் ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் காவடிப் பாட்டில் பேஸும் உறுமியும்தான் லிமிட்டரை ஆட்டிவைக்கும். குழாயில் கேட்கவே கேட்காத பேஸுக்காகப் பாடுகிறவரின் குரல் அமுங்கிக்கொண்டிருக்கும், கேட்பவருக்குக் காரணமே தெரியாது. அந்தப் பதிப்புக்கு மட்டும் லிமிட்டருக்கு முன்னால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அதே சீலிங்கில் குரல் நிமிரும். மோனோவாக ரெண்டர் செய்யுங்கள். -12-க்கு மேல் போக வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் குமிழ் அதே இடத்தில் இருக்க, -14 கோப்பைவிட -8 கோப்பு குழாயின் யூனிட்டுக்குள் (ஒலி எழுப்பும் பகுதிக்குள்) 4 மடங்கு சராசரி மின்சக்தியைத் தள்ளும். விடியக்காலையில் தொடங்கி ராத்திரி வரை பாட்டு ஓடும் திருவிழாவில் யூனிட்டின் சுருள் கருகுவது இந்தச் சராசரியால்தான், உச்சியால் அல்ல. கொடுக்கும்போது கோப்பின் பெயரிலேயே 'மைக்செட்' என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யூடியூபில் ஏறுவது அந்தக் கோப்பாகத்தான் இருக்கும்.